எந்த பிளாக்லிஸ்ட்டை நம்பலாம்? சின்ன மெயில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு

புதுச்சேரி, கடலூர் பக்கம் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கும் சில சின்ன நிறுவனங்களுக்கு நான்தான் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகப் பட்டறை, குருசுக்குப்பத்தில் ஒரு விருந்தினர் விடுதி, மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகம், கடலூர் முதுநகரில் மீன் ஏற்றுமதி செய்பவர்கள். எல்லோரிடமிருந்தும் வரும் புகார் இரண்டே வகை. "அக்கா, ஸ்பேம் கொட்டுது" என்பது ஒன்று. "அக்கா, அவங்க அனுப்பிட்டோம்னு சொல்றாங்க, எங்களுக்கு வரவே இல்ல" என்பது இன்னொன்று. முதலாவது எரிச்சல், அவ்வளவுதான். இரண்டாவதில் காசு போகிறது.

பிளாக்லிஸ்ட் என்பது ஸ்பேம் அனுப்பும் ஐபி முகவரிகளை (இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள எண்) யாரோ தொகுத்து வைத்திருக்கும் பட்டியல்; அதில் இருப்பவரின் மெயிலை நம் சர்வர் மறுத்துவிடலாம். அதைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டாவது புகாரைத்தான் மனதில் வைக்க வேண்டும். எது அதிக ஸ்பேமைப் பிடிக்கிறது என்று தேடிக்கொண்டு போனால் தப்பான இடத்தில் போய் நிற்போம். உலகத்தில் உள்ள எல்லா ஐபி முகவரியையும் தடுக்கிற ஒரு பட்டியல் போட்டால் அது நூற்றுக்கு நூறு ஸ்பேமைப் பிடிக்கும்!

வேலை செய்யும் விதம் எளிது. 192.0.2.25 என்ற முகவரியிலிருந்து ஒருவர் உங்கள் 25ஆம் போர்ட்டுக்கு (வெளியிலிருந்து மெயில் நுழையும் வாசல்) வருகிறார் என்று வையுங்கள். சர்வர் அந்த எண்ணைத் திருப்பிப் போட்டு, 25.2.0.192 என்பதற்குப் பின்னால் பட்டியலின் பெயரை ஒட்டி, டிஎன்எஸ்ஸில், அதாவது இணையத்தின் பெயர்-முகவரி ஏட்டில், கேட்கும். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தால் அவர் பட்டியலில் இல்லை. 127 என்று தொடங்கும் எண் வந்தால் இருக்கிறார்; எதற்காகச் சேர்த்தார்கள் என்பதைக் கடைசி எண் சொல்லும். 1997இல் பால் விக்ஸி தொடங்கிய பட்டியலிலிருந்து இன்றுவரை இந்த அடிப்படை மாறவில்லை. மெயிலின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் முன்பே வாசலில் முடிவாகிவிடுவதால், 1 ஜிபி மெமரி உள்ள மலிவு சர்வரிலும் இது சிரமமில்லாமல் ஓடும். ஆனால் உங்கள் வாசலில் யாரை விடுவது என்பதை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்கிறீர்கள். அவர் யார், எதை வைத்துச் சேர்க்கிறார், எப்படி நீக்குகிறார் என்று தெரியாமல் ஒரு பட்டியலின் பெயரைக்கூட அமைப்புக் கோப்பில் எழுதாதீர்கள்.

உங்களுக்கு யார் எழுதுகிறார்கள்?

பட்டியலைப் பற்றிப் படிக்கும் முன் உங்கள் லாக் கோப்பைப் படியுங்கள். ஒரு மாத லாக்கில் உங்களுக்கு வந்த நல்ல மெயில்கள் எந்தெந்த சர்வரிலிருந்து வந்தன என்று பாருங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும்.

குருசுக்குப்பம் விடுதிக்கு அறை கேட்டு எழுதுபவர்களில் பாதிப் பேர் பிரான்சிலிருந்து எழுதுகிறார்கள். அவர்களில் பலருக்குப் பெரிய ஹோஸ்டிங் கம்பெனிகளில் சொந்த டொமைன். ஹோஸ்டிங் கம்பெனியின் மொத்த நெட்வொர்க்கையே கறுப்பில் சேர்க்கும் ஒரு பட்டியலை அங்கே போட்டால் டிசம்பர் சீசன் போச்சு. ஆடிட்டர் அலுவலகத்தின் கதை வேறு. பண்ருட்டி முந்திரி வியாபாரியும் நெய்வேலி ஒப்பந்ததாரரும் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஷேர்டு ஹோஸ்டிங்கிலிருந்து கணக்கு அனுப்புகிறார்கள். ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான சின்னக் கம்பெனிகள். பக்கத்து ஆளின் வேர்ட்பிரஸ் ஹேக் ஆனால் இவருடைய மெயிலும் அந்தப் பழியைச் சுமக்கும். அதுவும் ஜூலை மாதம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நேரமாகப் பார்த்துத்தான் நடக்கும். மீன் ஏற்றுமதிக்காரர்களுக்கு வியட்நாம், சீனா, ஸ்பெயின் எல்லாம் வாடிக்கையாளர்கள். "சீனாவிலிருந்து வருவதை மொத்தமாகத் தடுத்துவிடலாமே" என்று யோசனை சொல்லும் நண்பர்கள் எனக்கும் உண்டு. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பட்டியல்கள்

பெரும்பாலான சின்ன சர்வர்களுக்கு ஸ்பாம்ஹாஸ் நிறுவனத்தின் ஸென் பட்டியல்தான் தூண். 1998இல் தொடங்கிய நிறுவனம். ஸென் என்பது பல பட்டியல்களைச் சேர்த்துக் கட்டியது. 127.0.0.2 என்று பதில் வந்தால் எஸ்பிஎல், அதாவது ஸ்பேம் அனுப்புவோர் என்று ஆட்கள் விசாரித்துச் சேர்த்தது. 127.0.0.3 என்றால் சிஎஸ்எஸ், தானியங்கியாகச் சேர்வது. 127.0.0.4 என்றால் எக்ஸ்பிஎல். வைரஸ் புகுந்த, யாரோ கைப்பற்றிய கணினி. 127.0.0.10, 127.0.0.11 இரண்டும் பிபிஎல். பிபிஎல்லில் இருப்பது குற்றச்சாட்டு இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. "இது வீட்டு இணைப்பு முகவரி, இங்கிருந்து நேரடியாக யாருடைய மெயில் சர்வருக்கும் மெயில் போகக் கூடாது" என்று மட்டுமே அது சொல்கிறது. லாஸ்பேட்டையில் உங்கள் வீட்டு பிராட்பேண்ட்கூட அதில் இருக்கலாம், பதற வேண்டாம்.

இலவசமாகப் பயன்படுத்த ஸ்பாம்ஹாஸ் எல்லை வைத்திருக்கிறது: வியாபார நோக்கமில்லாத பயன்பாடு, நாளுக்கு 1,00,000 எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) இணைப்புக்குள், 3,00,000 கேள்விக்குள். நம் ஊர் ஆடிட்டர் அலுவலகம் அந்த எண்ணிக்கையை எட்டவே எட்டாது. ஆனால் "வியாபார நோக்கமில்லாத" என்ற வரியை உங்கள் வாடிக்கையாளரிடம் காட்டி, சந்தா கட்ட வேண்டுமா என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

துணைக்கு வைத்துக்கொள்ளக் கூடியவை: பாரக்குடாவின் பட்டியல் இலவசம், ஆனால் உங்கள் டிஎன்எஸ் சர்வரின் ஐபியை அவர்களிடம் பதிவு செய்ய வேண்டும். ஸ்பாம்காப், மக்கள் அனுப்பும் புகாரை வைத்து ஓடுவது. புகார் நின்று 24 மணி நேரத்தில் தானே நீங்கிவிடும். வேகமானது, அதனாலேயே சில சமயம் ஜிமெயில் போன்ற பெரிய சேவைகளின் சர்வர்களும் அதில் வந்து போகும். அதை மட்டும் நம்பிக் கதவைச் சாத்தக் கூடாது. பிஎஸ்பிஎல் சின்னது, சாது. நீக்கச் சொன்னால் யாரையும் கேள்வி கேட்காமல் நீக்கிவிடுவார்கள்.

வேண்டாம் என்று நான் சொல்வது யூசிஇபுரோடெக்ட் மூன்றாம் நிலை. முதல் நிலை தனி ஐபி, இரண்டாம் நிலை ஐபி தொகுதி, மூன்றாம் நிலையில் ஒரு முழு நெட்வொர்க்கே உள்ளே போய்விடும். அதோடு பணம் கட்டினால் சீக்கிரம் நீக்குகிறோம் என்ற ஏற்பாடு வேறு. இலவச நீக்கமும் உண்டு என்றாலும், காசு வாங்கி நீக்குகிற இடத்தை என் வாசலில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. மூன்றாம் நிலையை நம்பித் தடுத்தால் குருசுக்குப்பம் விடுதிக்கு யார் யார் எழுத முடியாமல் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்தப் புதுப் பட்டியலைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் அதன் கொள்கைப் பக்கத்தைத் திறங்கள். தனி முகவரியைச் சேர்க்கிறதா, அக்கம்பக்கத்தையும் சேர்க்கிறதா? தானே காலாவதி ஆகிறதா? மாட்டிக்கொண்டவர் எழுதிக் கேட்க வழி இருக்கிறதா? இதற்கெல்லாம் தெளிவான பதில் அந்தப் பக்கத்தில் இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

ரிசால்வர்: பலரும் இங்கேதான் வழுக்குவார்கள்

சரியான பட்டியலைத் தேர்ந்தெடுத்தும் ஒரு ஸ்பேம்கூட நிற்கவில்லை என்றாலோ, எல்லா மெயிலும் நின்றுபோனாலோ, முதலில் பார்க்க வேண்டியது டிஎன்எஸ் ரிசால்வர், அதாவது உங்கள் சர்வருக்காக டிஎன்எஸ்ஸில் கேட்டுப் பதில் கொண்டுவரும் நிரல். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் பதில் தராது. உலகமே அதே வழியாகக் கேட்பதால் யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று அவர்களால் எண்ண முடியாது. அதற்குப் பதிலாக 127.255.255.254 என்ற எண்ணை அனுப்பும். இது "பட்டியலில் இருக்கிறார்" என்ற பதில் இல்லை, "நீ கேட்கும் வழி சரியில்லை" என்ற அறிவிப்பு. ஆனால் 127 என்று எது வந்தாலும் தடு என்று உங்கள் சர்வர் அமைக்கப்பட்டிருந்தால் அன்றைக்கு ஒரு மெயிலும் உள்ளே வராது. அளவுக்கு மீறிக் கேட்டால் 127.255.255.255, பட்டியலின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் 127.255.255.252.

அதனால் இரண்டு வேலை. ஒன்று, மெயில் சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற ரிசால்வரை நிறுவி, அது யாருக்கும் கேள்வியைத் தள்ளிவிடாமல் தானே வேரிலிருந்து தேடும்படி வையுங்கள். உபுண்டுவில் 127.0.0.53 என்று ஒரு முகவரி இருக்கும்; உள்ளூர் ரிசால்வர்தானே என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அது கேள்வியை மேலே இருப்பவரிடம் தள்ளிவிடும் ஆள்தான். டாக்கரில் மெயில் சர்வர் ஓட்டுபவர்கள் கொள்கலனுக்குள் போய்த் தனியாகப் பாருங்கள். வாடகை சர்வர் என்றால் அதன் ஐபிக்கு உங்கள் பெயரில் தலைகீழ் டிஎன்எஸ் பதிவும் (ஐபியைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் பதிவு) இருக்க வேண்டும்; ஹோஸ்டிங் கம்பெனியின் பொதுப்பெயரே இருந்தால் அதையும் பொது ரிசால்வர்போல எண்ணி மறுப்பார்கள்.

இரண்டு, எந்தப் பதிலை ஏற்பது என்று எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் (மெயில் சர்வர் மென்பொருள்) பட்டியலின் பெயருக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு, 127.0.0. என்பதற்குப் பின் சதுர அடைப்புக்குள் 2..11 என்று எழுதினால் 2 முதல் 11 வரை வரும் பதிலை மட்டும் ஏற்கும். மற்ற எது வந்தாலும் கண்டுகொள்ளாது. இந்த ஒரு சின்ன விஷயம் இல்லாமல் நான் எந்தப் பட்டியலையும் சேர்ப்பதில்லை.

அலுவலகத்துக்குள்ளேயே சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. சில ரவுட்டர்களில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஎன்எஸ் நிரல், பாதுகாப்பு என்ற பெயரில் 127 என்று தொடங்கும் பதில்களைத் தூக்கிப் போட்டுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும். அன்பவுண்டிலும் 127.0.0.0/8 முழுவதையும் தனியார் முகவரி என்று சேர்த்தால் இதே கதைதான். அதன் கையேடே இதை எச்சரிக்கிறது. இப்படி இருந்தால் எந்த ஸ்பேமரும் பட்டியலில் இல்லாததுபோலத் தெரியும்.

சோதிக்க ஒரு வழி எல்லாப் பட்டியலுக்கும் பொது. 2010இல் வந்த ஆர்எஃப்சி 5782 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சொல்வது: 127.0.0.2 எப்போதும் பட்டியலில் இருக்க வேண்டும், 127.0.0.1 எப்போதும் இருக்கக் கூடாது. டிஎன்எஸ்ஸைக் கேட்கும் டிக் கட்டளையில் இரண்டையும் திருப்பிப் போட்டுக் கேளுங்கள். இரண்டும் சரியாக வந்த பிறகே மேலே போக வேண்டும்.

ஒருவர் சொன்னால் போதுமா?

சம்பந்தம் பேசும் முன் மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் விசாரிப்போம். ஒருவர் சொன்னதை வைத்து முடிவு எடுப்பதில்லை. சொன்னவர் யார், அவருக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்றும் பார்ப்போம். போஸ்ட்ஃபிக்ஸில் 2011இல், 2.8ஆம் பதிப்பில் வந்த போஸ்ட்ஸ்கிரீன் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு மதிப்பெண், மொத்தம் எவ்வளவு வந்தால் தடுப்பது என்று ஒரு வரம்பு.

என் வழக்கமான கணக்கு: ஸென் 3, பாரக்குடா 2, ஸ்பாம்காப் 1, பிஎஸ்பிஎல் 1. வரம்பு 3. டிஎன்எஸ்டபிள்யூஎல் என்ற நல்லவர்கள் பட்டியலில் இருந்தால் 2 கழியும். ஸென் தனியாகவே தடுக்கலாம். பாரக்குடாவுக்குத் துணையாக இன்னொருவர் சொல்ல வேண்டும். ஸ்பாம்காப்பும் பிஎஸ்பிஎல்லும் மட்டும் சேர்ந்து தடுக்க முடியாது. ஆடிட்டர் அலுவலகத்தில் மட்டும் பாரக்குடாவை 1 ஆக்கியிருக்கிறேன், அந்த ஷேர்டு ஹோஸ்டிங் காரணத்துக்காக. இந்த எண்களை அப்படியே நகலெடுக்காதீர்கள், உங்கள் லாக் என்ன சொல்கிறதோ அதுதான் எண்.

அதற்கு முதலில் தடுக்காமல் ஓட விட வேண்டும். போஸ்ட்ஸ்கிரீனில் தண்டனை இயல்பாகவே "இக்னோர்" என்றுதான் இருக்கும். யார் எந்தப் பட்டியலில் மாட்டினார் என்று டிஎன்எஸ்பிலாக் வரிகளாக எழுதிவைக்கும், ஆனால் மெயிலை உள்ளே விட்டுவிடும். போஸ்ட்ஸ்கிரீன் இல்லாமல் பழைய முறையில் ஆர்பிஎல் (பிளாக்லிஸ்ட்) விதி எழுதுபவர்கள் அதற்கு முன்னால் "வார்ன் இஃப் ரிஜெக்ட்" சேர்த்தால் அதே பலன். குறைந்தது ஒரு மாதம் இப்படி ஓடட்டும். எந்த மாதம் என்பதும் முக்கியம். முதுநகரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது வரும் மெயிலை வைத்து முடிவெடுத்தால் சீசன் தொடங்கியதும் ஆட்டம் மாறிவிடும்.

மாதம் முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். அலுவலகத்தில் இருப்பவர்கள் கடந்த ஆறு மாதத்தில் யார் யாருக்கு மெயில் அனுப்பினார்கள் என்று லாக்கிலிருந்து டொமைன்களை எடுங்கள். தடுக்கப்பட்டிருக்கும் என்று லாக் சொல்லும் மெயில்களின் அனுப்புநர் டொமைன்களோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் இருப்பவர் நம்மோடு பேச்சுவார்த்தை உள்ளவர். அவரை எந்தப் பட்டியல் மாட்டிவிட்டது என்று பாருங்கள். அதன் மதிப்பெண்ணைக் குறையுங்கள், இல்லையென்றால் அதைத் தூக்குங்கள். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் "நல்ல பட்டியலா" என்று யாரிடமும் கேட்டுப் பயனில்லை. திருப்தி வந்த பிறகு தண்டனையை "என்ஃபோர்ஸ்" ஆக்குங்கள். "டிராப்" வேண்டாம். என்ஃபோர்ஸில் யார் யாருக்கு எழுத வந்தார் என்பதும் லாக்கில் பதிவாகும், டிராப் அதற்குள் இணைப்பை வெட்டிவிடும்.

தடுக்கும் இடம், விலக்கும் இடம்

இந்தச் சோதனை 25ஆம் போர்ட்டுக்கு மட்டும்தான். ஊழியர்கள் மெயில் அனுப்பும் 587, 465 போர்ட்டுகளில் கூடவே கூடாது. செல்போன் இணைப்பில் ஒரே ஐபியை ஆயிரம் பேர் பகிர்கிறார்கள், அதில் ஒருவர் ஃபோனில் வைரஸ் இருந்தால் போதும், உங்கள் மேலாளர் பாண்டி பேருந்து நிலையத்தில் நின்று அனுப்பும் மெயிலும் எக்ஸ்பிஎல்லில் மாட்டும். பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்தவரை ஐபி பார்த்து விரட்டுவதில் அர்த்தமில்லை.

பேக்கப் எம்எக்ஸ், அதாவது முக்கிய சர்வர் படுத்தால் மெயிலை வாங்கி வைக்கும் மாற்று சர்வர், வைத்திருந்தால் கவனம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது மின்சாரம் திரும்பப் பல நாள் ஆனது. அதற்கப்புறம்தான் இங்கே பலர் வெளியூரில் ஒரு பேக்கப் சர்வர் வைத்துக்கொண்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஸ்பேமர்கள் வேண்டுமென்றே பேக்கப் வழியாக நுழைவார்கள்; அங்கே பட்டியல் சோதனை இல்லையென்றால் எல்லாம் அந்த வழியாக உள்ளே வரும். உங்கள் முக்கிய சர்வருக்கோ வருவது பேக்கப்பின் ஐபியாகத்தான் தெரியும். அதனால் அங்கேயும் அதே பட்டியல், அதே மதிப்பெண் போடுங்கள். முக்கிய சர்வரில் பேக்கப்பின் ஐபிக்கு விலக்கு கொடுங்கள். அதைச் செய்ய முடியாத நிலையில் பேக்கப்பையே எடுத்துவிடலாம். சர்வர் இரண்டு மூன்று நாள் படுத்தாலும், அனுப்பும் சர்வர்கள் பொதுவாகத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டுதான் இருக்கும்.

விலக்குப் பட்டியலில் ஐபியை மட்டும் எழுதுங்கள், அனுப்புநர் டொமைனை எழுதாதீர்கள். யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் போட்டு அனுப்பலாம். ஒவ்வொரு வரிக்கும் மேலே தேதியும் யார் கேட்டார்கள் என்பதும் குறிப்பாக இருக்கட்டும்.

தடுத்த மெயிலைச் சத்தமில்லாமல் விழுங்கக் கூடாது. வாசலிலேயே 550 என்ற மறுப்பு எண்ணும் காரணமும் சொல்லித் திருப்பினால் நல்ல அனுப்புநருக்குச் செய்தி திரும்பிப் போகும், அவர் ஃபோன் செய்வார். ஃபோன் எடுப்பவரிடம் சொல்லிவையுங்கள்: "திரும்பி வந்த மெயிலை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்று கேட்டால் போதும், அதில் பட்டியலின் பெயர் இருக்கும். ஸ்பாம்ஹாஸின் தனிச் சாவி கொண்ட சேவையைப் பயன்படுத்துபவர்கள் மட்டும், அந்தச் சாவி திருப்பும் செய்தியில் வெளியே தெரியாதபடி போஸ்ட்ஸ்கிரீனின் பெயர் மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

ஐபி பட்டியலால் ஆகாத வேலையும் உண்டு. ஏற்றுமதிக்காரர்களுக்கு வரும் பொய் இன்வாய்ஸ், "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" மெயில் எல்லாம் பெரும்பாலும் யாரோ ஒருவரின் நிஜமான மெயில் கணக்கைத் திருடி, நல்ல பெயருள்ள சர்வரிலிருந்தே வருகிறது. அதற்கு மெயிலுக்குள் இருக்கும் இணைப்புகளின் டொமைனைப் பார்க்கும் பட்டியல்கள் வேண்டும்: ஸ்பாம்ஹாஸின் டிபிஎல், சர்பிஎல், யூஆர்ஐபிஎல். இவற்றை ஆர்ஸ்பாம்டி அல்லது ஸ்பாம்அசாசின் என்ற ஸ்பேம் வடிகட்டி மூலம் மதிப்பெண்ணாகச் சேர்ப்பதுதான் வசதி. அப்படியும், கணக்கு எண் மாறியது என்றால் ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்ப வேண்டும்.

செத்துப்போன பட்டியல்கள்

ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிட முடியாது. ஓஆர்டிபி 2006 டிசம்பரில் கடையை மூடியது. அப்புறமும் பல சர்வர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்ததால், 2008 மார்ச்சில் கேட்ட எல்லா முகவரிக்கும் "ஆம், பட்டியலில் இருக்கிறது" என்று பதில் சொல்லத் தொடங்கியது. 2021 ஜனவரி கடைசியில் ஸ்பாம்காப்பின் டொமைன் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, இதே குழப்பம் ஒரு நாள் நடந்தது. மேலே சொன்ன எண் வடிகட்டி அன்றைக்குப் பலரைக் காப்பாற்றியிருக்கும். 2024 ஜூனில் சார்ப்ஸ் மூடப்பட்டது. அது வெறும் காலிப் பட்டியலாக நின்றதால் யாருக்கும் சேதமில்லை, ஆனால் பழைய வழிகாட்டிகளிலும் வீடியோக்களிலும் இன்னும் அதன் பெயர் இருக்கிறது. நகலெடுத்து ஒட்டும் முன் தேதியைப் பாருங்கள்.

இதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். நேரம் வைத்து நிரலை ஓட்டும் கிரான் மூலம் தினமும் ஒவ்வொரு பட்டியலிடமும் 127.0.0.1, 127.0.0.2 இரண்டையும் கேட்கட்டும். 127.0.0.2 இல்லை என்று வந்தால் உங்களுக்கு ஒரு செய்தி. 127.0.0.1 இருக்கிறது என்று வந்தால் அந்தப் பட்டியலை உடனே நீக்கிவிட்டு போஸ்ட்ஃபிக்ஸை ரீலோடு செய்யட்டும், செய்தி அப்புறம் வரட்டும். செய்தி மெயிலில் வரக் கூடாது, எஸ்எம்எஸ் அல்லது டெலிகிராமில் வர வேண்டும். மெயில் நின்றுபோனதை மெயிலில் சொல்லி என்ன பயன். என் சர்வர்களில் இது காலை ஆறு மணிக்கு ஓடுகிறது. ஆடிட்டர் அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும், அதற்குள் சரிசெய்துவிடலாம்.